திங்கட்கிழமையின் முதல் ஈடு

“உன் ஒருத்திக்காக எந்த பேக்கரிக்காரன் தட்டைக் கழுவுவான்?”

அக்கா இதைக் கேட்டபோது ஒரு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டிருந்தார். கிண்டல் எதுவும் இல்லை, உண்மையாகவே அவருக்கு அந்தச் சந்தேகம். பாபநாசத்தில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தை நடத்துபவர் அவர். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு கைரேகைக் கருவி, நாங்கள் இரண்டு பேர். அவ்வளவுதான் மையம்.

எங்களுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு பேக்கரி. பிற்பகல் மூன்று மணிக்கு பன் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வரும். அந்த வாசனை சாலையைக் கடந்து வந்து, பிரிண்டரின் சூட்டு வாடையை அமுக்கிவிட்டு எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். பட்டா மாறுதலுக்காக முகத்தைத் தொங்கப்போட்டுக் காத்திருப்பவர்கள்கூட ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். நான் இரண்டு வருடமாக அந்த வாசனைக்கு எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். ஒரு துண்டு பன்கூட அங்கே வாங்கிச் சாப்பிட்டதில்லை.

அன்றுதான் அக்காவிடம் என் ஆசையைச் சொல்லியிருந்தேன். அந்தக் கடையிலிருந்து ஒரு பன்னை அப்பா தன் கையால் வாங்கித் தர வேண்டும், நான் அதை அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கேட்பதற்குச் சின்ன ஆசைதான். அக்கா ஸ்டேப்ளரைக் கண்டுபிடித்து, காகிதத்தில் ஒரு குத்து குத்திவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

எனக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும், தொண்டை இறுகும். முதன்முதலில் இது தெரிய வந்தது பள்ளிக்கூடத்தில், சத்துணவுத் தட்டில். எங்கள் வீட்டில் அதற்கு முன் முட்டை வாங்கிச் சமைத்த நினைவு எனக்கு இல்லை. அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போவார்; அப்பா அப்போது கூலி வேலை, பிறகுதான் குத்தகைக்கு நிலம் பிடித்தார். வாய்க்காலில் மீன் கிடைத்தால் மீன் குழம்பு, இல்லாவிட்டால் புளிக்குழம்பு. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்கு அம்மா சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே முட்டை போடுகிறார்கள் என்பது. அந்த முட்டைதான் எனக்கு ஆகாமல் போயிற்று.

முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி அம்மா கேட்டதும் சத்துணவு ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீங்க எப்போலேருந்துடி சைவமானீங்க? நேத்துகூட உன் வீட்டுக்காரரு முத்துப்பேட்டை மடவை வாங்கி, தலை வெளியே நீட்டிக்கிட்டிருக்கப் பையில தொங்கவிட்டுக்கிட்டுப் போனாரே.”

“மீனு ஒத்துக்குது. முட்டைதான் ஆகல அவளுக்கு.”

“நடவு நடுறவ பொண்ணுக்கு இந்த நோவெல்லாம் எங்கேருந்து வருது? இதெல்லாம் ஏசி ரூம்ல வளர்ற புள்ளைங்களுக்கு வர்றதுல்ல.”

சொன்னாரே தவிர, அடுத்த நாளிலிருந்து என் தட்டில் வாழைப்பழம் விழுந்தது. கொஞ்சம் பெரிய பழமாகப் பார்த்தே போடுவார். ஆனால் ஊரில் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. எங்கள் தெருவிலேயே முதல் தடவையாகப் புத்தகப்பை மாட்டிய பெண், அதோடு முட்டையும் ஆகாதவள். இரண்டையும் சேர்த்து “கலெக்டர் வீட்டுப் பொண்ணு” என்று கூப்பிட்டார்கள். நான் அதைக் கேட்டு வெட்கப்படவில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன் என்றுதான் நினைவு.

எங்கள் வீட்டில் பிறந்த தேதி என்று ஒன்று உள்ள முதல் ஆளும் நான்தான். ஆஸ்பத்திரியில் பிறந்ததால் சான்றிதழ் இருந்தது. அம்மா அந்த நாளை மறக்க மாட்டார். மற்றப் பிள்ளைகளெல்லாம் கேக் வெட்டத் தொடங்கிய காலத்தில், அம்மா ரவா கேசரியைக் கிளறி, என் டிபன் பாக்ஸில் அழுத்தி, தட்டில் கவிழ்த்துக் கொட்டுவார். சதுரமாக நிற்கும். நடுவில் ஒரு முந்திரிப்பருப்பு. மெழுகுவத்தி வைத்தால் நெய்யில் சாய்ந்துவிடும் என்பதால், அப்பா பக்கத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் ஊதியதும், “வெட்டு பாப்பா” என்பார். கத்தி வைத்ததும் கேசரி பிளந்து சரியும். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. கேக் என்றால் கத்தி இறங்கின இடத்தில் சுவர் மாதிரி நிற்க வேண்டும் என்று எங்கேயோ பார்த்து வைத்திருந்தார். “ஒரு நா உனக்கு நெசமான கேக்கு வாங்கித் தர்றேன்” என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

அவர் வாங்கித் தந்தார். அது கேக் இல்லை, பன்.

தஞ்சாவூரில் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, சேர்க்கை முடிந்து நானும் அவரும் பஸ் ஏற வந்தோம். அவர் காலையிலிருந்து வாயைத் திறக்காமல் என் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் எல்லாமே நான்தான். பஸ் நிலையத்துக்கு வந்ததும் அவருக்குத் தைரியம் திரும்பியது. “நீ இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டு ஒரு பேக்கரிக்குள் போனார். அங்கே இருந்தவரிடம் அவர் கேட்டது நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

“முட்டை இல்லாததா பாத்துக் குடுங்க. எம் பொண்ணுக்கு ஆகாது.”

“பன்னுல ஏதுங்க முட்டை?”

வட்டமான பன். மேல்பக்கம் பழுப்பாக, எண்ணெய் பூசிய கதவு மாதிரி மினுமினுத்தது. அந்த மினுமினுப்பு என்னவென்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மாவில் முட்டை இல்லை என்று அந்தக் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. அடுப்பில் வைப்பதற்கு முன்னால் மேலே நிறம் வர முட்டையை அடித்து பிரஷ்ஷால் தடவுகிறார்கள். அதை அவர் முட்டை என்று எண்ணவே இல்லை.

பஸ் அய்யம்பேட்டையை நெருங்கும்போது என் உதடு தடித்துவிட்டது. மூச்சு இழுத்தது. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தினார். யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்தார்கள். நான் தெளிந்து பார்த்தபோது அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். பாதி பன் இன்னும் காகிதத்தோடு அவர் சட்டைப் பையில் இருந்தது.

“கேட்டுத்தானே பாப்பா வாங்குனேன்” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடமும் அதையே சொன்னார். பக்கத்து வீட்டில் சொன்னார். பல மாதம் கழித்து, வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரும் எதுவும் கேட்காமலே மறுபடியும் சொன்னார். அந்த நாளுக்குப் பிறகு அவர் எந்த பேக்கரிக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. பாக்கெட் பிஸ்கட் மட்டும் வாங்குவார். அதிலும் பச்சைப் புள்ளி போட்டதாக இருக்க வேண்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டில் முட்டை சேர்ப்பதில்லை என்று ஒரு கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். எழுத்து எதுவும் தெரியாத ஒருவர் கடையில் நின்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பார். அப்புறமும் அதை என்னிடம் நீட்டுவார். “பின்னாடி பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கான். படிச்சிடு.” முட்டை கையாளும் இடத்தில் செய்தது என்று அந்தப் பொடி எழுத்தில் சில சமயம் இருக்கும். அப்போது அந்த பாக்கெட் அம்மாவுக்குப் போகும்.

ஆக, என் ஆசையில் பன் பாதிதான். அப்பாவின் அந்த ‘கேட்டுத்தானே வாங்குனேன்’ வாக்கியத்தை நிறுத்த வேண்டும். இது மற்றப் பாதி.

முட்டை ஆகாது என்பதையே முதலில் நான் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் மகனின் பிறந்த நாள் கேக் கொண்டுவந்தபோது, “இன்னைக்கு வெள்ளிக்கிழமைக்கா, விரதம்” என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் கற்றுக்கொண்ட பாடம் அது. அலர்ஜி என்றால், “கொஞ்சூண்டு சாப்பிடு, ஒண்ணும் ஆகாது” என்று வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். விரதம் என்றால் அடுத்த நொடி கையை இழுத்துக்கொள்வார்கள். வியாழனுக்கும் சனிக்கும்கூட நான் சாமி வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமைக்குக் கேட்கவே வேண்டாம்.

அக்கா மறுநாள் காலையில் ஒரு டப்பாவை என் மேஜை மேல் வைத்தார். உள்ளே கேக் துண்டு, மேலே இருந்த ரோஜாப் பூ கிரீம் கலையாமல்.

“ஃப்ரிட்ஜுல வெச்சு எடுத்துட்டு வந்தேன். ராத்திரி என் புள்ள இதுக்கு என்கிட்ட அடியே வாங்கிட்டான். இன்னைக்கு சனிக்கிழமைதானே, சாப்பிடு.”

அந்த டப்பாவை வைத்துக்கொண்டு பொய்யை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னேன்.

“அப்போ நேத்து விரதம்?”

“மத்தியானம் பிரியாணி சாப்பிட்டேன்க்கா.”

“அடிப்பாவி” என்றார். பிறகு டப்பாவை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதிலிருந்து எந்தக் கடையில் எது வாங்கினாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். ஆனால் எதிர் பேக்கரி மாறும் என்று மட்டும் அவர் நம்பவில்லை.

பேக்கரி நடத்துகிற பாய் முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரர். வளைகுடாவில் பெரிய அடுமனை ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு வந்து இங்கே கடை போட்டவர். நான் போய்க் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“எக்லெஸ் தானேம்மா? தினமும் போடுறோம். புரட்டாசி வந்தா அதுதான் ஓடும். எந்தக் கேக்கு வேணும்?”

“அந்தத் தட்டுல முட்டைக் கேக்கும் வேகுதுல்ல பாய்? கலக்குற மெஷினு, தடவுற பிரஷ்ஷு எல்லாம் ஒண்ணுதானே?”

அவர் முகம் கொஞ்சம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீங்க ஐயர் வீடாம்மா?” என்றார்.

“இல்ல பாய். நாங்க கறி, மீனு எல்லாம் சாப்பிடுவோம்.”

“அப்புறம் என்னம்மா?” என்று நிஜமாகவே குழம்பிப்போனார்.

நான் என் படிப்பையெல்லாம் அங்கே இறக்கினேன். புரதம் என்றேன், ஒவ்வாமை என்றேன், ஆங்கிலத்திலும் இரண்டு சொல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அடுப்புல எவ்வளவு சூடு தெரியுமாம்மா? எந்தக் கிருமியும் செத்துடும்” என்றார். கிருமி இல்லை என்று சொன்னேன். “அப்போ பயப்பட ஒண்ணுமில்ல” என்றார்.

மறுநாள் மையத்தில் உட்கார்ந்து ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். ஆறு அம்சங்கள். தனித் தட்டு, தனி பிரஷ், தனிக் கிண்ணம் என்று வரிசையாக, அரசாங்க மனு மாதிரி, பிழையில்லாமல். அச்செடுத்துக் கொடுத்தேன். பாய் அதைப் படித்துவிட்டு மரியாதையாக அடுப்படிச் சுவரில், நாள்காட்டிக்குக் கீழே ஒட்டினார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டு கேக்கை நீட்டினார். “உங்களுக்குன்னு சொல்லி போட்டது.” அவருக்குப் பின்னால், என் கடிதத்துக்கு நேர் கீழே, முட்டை மஞ்சள் ஒட்டியிருந்த பிரஷ்ஷை எடுத்துப் பால் கிண்ணத்தில் முக்கிக்கொண்டிருந்தார் மாஸ்டர். நான் வேண்டாம் என்றேன். பாய் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அந்தத் துண்டைத் திரும்பவும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். அவர் மனம் புண்பட்டது எனக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு வாரம் நான் சாலையின் அந்தப் பக்கம் பார்க்காமலே வேலை செய்தேன்.

“நான் சொன்னேன்ல?” என்று அக்கா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அப்பா மையத்துக்கு வந்தது அடங்கல் நகல் எடுக்க. குத்தகை நிலத்தில் அவர் சில வருடமாக விதை நெல் போடுகிறார். சாப்பாட்டு நெல்லை விடக் கவனம் கேட்கிற பயிர் அது. விதைப்பண்ணைப் பதிவுக்கு எந்த வயலில் என்ன பயிர் என்கிற அடங்கல் காகிதம் வேண்டும். கைரேகைக் கருவியில் அவர் கட்டைவிரலை வைக்கச் சொல்லும்போதெல்லாம் ஒரே ஜோக்தான். “இப்போ எல்லாருமே கைநாட்டு. நான்தான் முன்னாடியே கத்துக்கிட்டு வந்தேன்.” அக்கா ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

அன்றும் சிரித்துக்கொண்டிருந்தபோது பாய் உள்ளே வந்தார். கடையின் உணவு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். அக்கா, “இவங்க அப்பாதான்” என்று அறிமுகப்படுத்தினார்.

“உங்க பொண்ணு எனக்கு லெட்டரெல்லாம் எழுதிக் குடுத்திருக்குண்ணே” என்றார் பாய், பாதிப் புகாராக.

அப்பா என் பக்கம் திரும்பினார். “என்ன லெட்டரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தட்டு, பிரஷ், ஆறு அம்சம், வேண்டாம் என்ற கேக் துண்டு. அப்பா அடங்கல் காகிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

“நான் மாவுல ஒரு சொட்டு முட்டை சேர்க்கலண்ணே” என்றார் பாய். “ஒரு பிரஷ்ஷுல ஒட்டியிருந்தா என்ன ஆயிடும்? அதுதான் எனக்குப் புரியல.”

அப்பா பாயின் பக்கம் திரும்பினார்.

“பாய், நெல்லு வயலு பாத்திருக்கீங்களா?”

“சோறாத்தான் பாத்திருக்கேன்” என்றார் பாய்.

“சரி. விதை நெல்லு வயல்ல அறுப்பு மெஷினு இறங்கணும். அந்த மெஷினு காலையில பக்கத்துல வேற ரகம் அறுத்துட்டு வந்திருக்கு. அப்படியே இறக்க மாட்டோம். சல்லடையக் கழட்டி, ஊதி, உள்ள கைய விட்டு வழிச்சு எடுப்போம். டிரைவரு கத்துவான், மழை வருதுய்யா வுடுய்யாம்பான். வுட மாட்டோம். அப்படிச் சுத்தம் பண்ணி இறக்குனாலும், முதல்ல கொட்டுற மூட்டைய விதையில சேக்க மாட்டோம். வீட்டுச் சாப்பாட்டுக்கு.”

“ஏன், அந்த நாலு நெல்லுல என்ன விஷமா இருக்கு?”

“விஷம் என்ன விஷம். நல்ல நெல்லுதான். நானே அதத்தான் சாப்பிடுறேன். ஆனா அது கலந்தா அந்த மூட்டை விதை இல்ல. சான்று குடுக்க வர்றவரு ஒரு பிடி அள்ளி மேசையில பரப்புனா தெரிஞ்சுபோயிடும். நாலு மாசப் பாடும் போச்சு.” அப்பா காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். “முட்டையும் நல்லதுதான். இவளுக்குத்தான் ஆகாது. இவ விதை வயலுன்னு வெச்சுக்கங்க.”

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. ஆறு அம்சமாக நான் எழுதியதைத்தான் அவரும் சொன்னார்.

அப்பா நிறுத்தவில்லை. தஞ்சாவூர் பஸ் நிலையத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கடைக்குள் போனது, கேட்டது, அய்யம்பேட்டை, ஊசி, மூக்கில் குழாய். கடைசியில் வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தார். “கேட்டுத்தான் பாய் வாங்குனேன். பன்னுல ஏதுங்க முட்டைன்னு சொன்னான்.”

பாய் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

“நானும் அதத்தாண்ணே சொல்றேன்” என்றார் மெதுவாக. “தினமும் பத்துப் பேருக்குச் சொல்றேன். பன்னுல ஏது முட்டைன்னு. மேல தடவுறது ஞாபகத்துலயே வராது.”

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமாக அவர் தன்னைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தார். பக்கத்தில் வந்து நிற்க இன்னொருவர் இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை போலும். “சரி, நீங்க என்ன செய்வீங்க, அது உங்களுக்குப் பழக்கம்” என்று பாய்க்கே சமாதானம் சொன்னார்.

உரிம விண்ணப்பத்தைப் பதிவேற்றி முடிக்கும் வரை பாய் யோசித்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது கேட்டார்: “அந்த முதல் மூட்டை, அதை எப்பவும் ஒதுக்கிடுவீங்களா?”

“எப்பவும்” என்றார் அப்பா.

பேக்கரிக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் விடுமுறை. அன்றுதான் அடுப்பையும் தட்டுகளையும் முழுசாகக் கழுவுவார்கள். அதனால் திங்கட்கிழமை காலை அடுப்பு பற்றவைத்ததும் உள்ளே போகிற முதல் ஈட்டை முட்டையில்லாததாகப் போடலாம் என்று பாய் ஏற்பாடு செய்தார். எங்கள் வீட்டில் இட்லிக்குத்தான் ஈடு என்போம். அவர் பன்னுக்கும் அதையே சொல்கிறார். இரண்டு புதுத் தட்டு, ஒரு புதுக் கிண்ணம், ஒரு புது பிரஷ். எல்லாவற்றிலும் பச்சை டேப் சுற்றி ஒரு தனி அலமாரியில் வைத்தார். மேலே தடவப் பால். கையால் பிசைந்த மாவு. மெஷின் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். என் கடிதத்தில் இல்லாத ஏழாவது அம்சம் அது. அந்த ஈட்டுக்கு முன்னால் முட்டைத் தட்டையே அடுப்படிக்குள் விடுவதில்லை என்றும் மாஸ்டரிடம் சொல்லியிருந்தார். ஒரு திங்கட்கிழமை முழுக்க வெறும் ஒத்திகை நடந்தது. நான் நின்று பார்த்தேன். எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடமும் போய்க் கேட்டேன். சுற்றி வளைத்து ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு, மாத்திரை கையில் இருக்கட்டும், தனியாக இருக்காதே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது சின்னத் துண்டிலிருந்து தொடங்கு என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அப்பாவை வரச் சொன்னேன். முதலில் வர மாட்டேன் என்றார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட வேண்டும், வண்டியில் பெட்ரோல் இல்லை, என்னென்னவோ சொன்னார். அம்மாதான், “போயிட்டு வாய்யா. அவ உன் கையால சாப்பிடணும்னு நிக்கிறா” என்று தள்ளிவிட்டார். ஏழு மணிக்கு வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். கல்லூரியில் சேர்க்க வந்த அன்று போட்டிருந்ததும் இந்த மாதிரி ஒரு வெள்ளைச் சட்டைதான்.

பேக்கரி வாசலில் செருப்பைக் கழற்றினார். “கழட்ட வேணாண்ணே” என்று பாய் உள்ளேயிருந்து சொன்னார். அப்பா கழற்றிவிட்டுத்தான் போனார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, எல்லாம் தெரிந்திருந்தும், அந்தப் பழைய வாக்கியத்தை அப்படியே கேட்டார்.

“முட்டை இல்லாததா பாத்துக் குடுங்க. எம் பொண்ணுக்கு ஆகாது.”

பாய் சிரிக்கவில்லை. “மாவுல இல்ல. மேல தடவுனது பாலு. தட்டு புதுசு, பிரஷ்ஷு புதுசு. அடுப்பு நேத்துக் கழுவுனது, இதுதான் முதல் ஈடு. மாவு பிசைஞ்சது நான். வேற கை படல” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சான்று கொடுக்க வந்த அதிகாரியிடம் சொல்வது போலச் சொன்னார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அவர் பன்னை வாங்கி வெளியே பெஞ்சுக்குக் கொண்டுவந்தார். சூடு ஆறியிருக்கவில்லை. மேலே அவ்வளவு மினுமினுப்பு இல்லை, மங்கலான பழுப்பு. ஒரு ஓரத்தைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“நீங்க சாப்பிட்டா என்னப்பா தெரியும்? உங்களுக்குத்தான் எல்லாம் செரிக்குமே.”

“இரு, பாப்போம்” என்றார், மென்றுகொண்டே.

பிறகு நகத்தளவு பிய்த்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். உட்கார்ந்திருந்தோம். கும்பகோணம் பஸ் போயிற்று, தஞ்சாவூர் பஸ் போயிற்று. அப்பா பஸ்ஸைப் பார்க்கவில்லை. என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் இரண்டு முறை வெளியே வந்து, துடைத்த மேஜையையே மறுபடி துடைத்துவிட்டுப் போனார். அரை மணி நேரம் கழித்து இன்னொரு துண்டு, கொஞ்சம் பெரியது. மறுபடி காத்திருந்தோம். அக்கா மையத்தைத் திறக்க வந்தவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையின் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதரை மணிக்கு மீதி பன்னைச் சாப்பிட்டேன். இனிப்புக் கொஞ்சம் கம்மி. அடிப்பக்கம் லேசாகத் தீய்ந்திருந்தது. உள்ளே பஞ்சு மாதிரி இருந்தது. இரண்டு வருடமாக முகர்ந்த வாசனையின் ருசி இதுதானா என்று இருந்தது. இன்னொன்று கேட்கலாமா என்றும் இருந்தது.

“என்ன பாப்பா, எப்படியிருக்கு?” என்றார் அப்பா.

“நல்லாருக்குப்பா.”

“கேட்டுத்தான் வாங்குனேன்” என்றார். இந்தத் தடவை அதைச் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பது நிஜம்தான் போலிருக்கிறது.

சாலையைக் கடந்து வந்ததும் அக்கா கேட்டார். “கழுவிட்டாராடி தட்டை?”

“கழுவிட்டாருக்கா.”

அக்கா ஷட்டரைத் தூக்கினார். அன்று பிற்பகல், காத்திருந்த ஒரு பெண்ணிடம், எதிர்க் கடையில் திங்கட்கிழமை முதல் ஈடு சுத்தமாக முட்டையில்லாதது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

அப்பாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. ஆதாரில் ஜனவரி ஒன்று என்று இருக்கிறது. எங்கள் ஊரில் அவர் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அன்றுதான் பிறந்ததாக என் கணினி சொல்கிறது. அதற்காக ஜனவரி வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் நேற்று மாலை, பேக்கரி மூடுவதற்கு முன்னால் போய், வருகிற திங்கட்கிழமை முதல் ஈட்டில் ஒரு கிலோ கேக் போடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கத்தி இறங்கின இடத்தில் சுவர் மாதிரி நிற்க வேண்டும் என்று சொன்னேன். மேலே என்ன எழுதுவது என்று பாய் கேட்டார். “வெட்டுப்பா” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சுவரில் என் பழைய கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.